தோளில் ஒரு நீலம்

"தோள்ல அந்தக் கன்னிப்போன எடத்தப் பாருங்க. தொட்டா வலிக்கும்போல இருக்கு" என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். கண்காட்சிக்கு வந்த கூட்டம் முழுக்க அந்த எண்ணெய் ஓவியத்தின் முன்னால்தான் நின்றது. அதில் தூரிகையோடு ஓவியர் தீனதயாளன். எதிரே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் மாடல். அது தான்தான் என்று குமுதவல்லி யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் வண்ணம் காய நாளாகும். கன்றிய தோலோ நாலே நாளில் மஞ்சளாகிவிடும். கண்ணால் பார்க்காத நிறத்தைத் தீனதயாளன் தீட்டமாட்டார். அதனால் ஒவ்வொரு முறையும் வரையத் தொடங்குமுன், "அசையாதே" என்று சொல்லிவிட்டு மரச்சட்டத்தால் அதே இடத்தில் அடித்தார். பதினோரு முறை.

இப்போது அவர் பக்கத்தில் ஒரு புதுப் பெண் நின்றாள். குமுதவல்லி அவள் தோளைத் தொட்டதும் அந்தப் பெண் துடித்து விலகினாள்.

"அடுத்து எப்பம்மா உக்காரணும்?"

"நாளைக்குக்கா."

படம் மாட்டிய சுத்தியல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டு முடித்த தீனதயாளன், வலக்கையை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"அசையாதீங்க சார்" என்றாள் குமுதவல்லி.