முப்பது வருஷத் துணி

தேனாம்பேட்டை அலுவலகத்தில் கனகராஜ், கூரையில் இருந்த பழைய கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கம்பெனி ராணுவத்துக்கு பாராசூட் தைக்கிறது. பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று தெரியாததால், இந்த வருஷம் உள்நாட்டு ஆர்டர் நிச்சயமில்லை. வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தால்தான் தையல் பிரிவு ஓடும்.

"சார், நம்ம துணி முப்பது வருஷம் தாங்கும்னு ஆதாரம் கேக்குறாங்க," என்றாள் ஏற்றுமதி மேலாளர் மதுமதி. "பழைய துணியில ஒரு துண்டு வெட்டி, மெஷின்ல மாட்டி, கிழியற வரைக்கும் இழுத்துப் பாப்பாங்களாம்."

கனகராஜ் மயிலாப்பூர் வீட்டுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். "லட்சுமி, பீரோவுல நம்ம முதல் துணி இருக்குல்ல?"

"கிழிக்கவா? தரமாட்டேன்," என்றாள் மனைவி முத்துலட்சுமி. "ஒரு தடவையாவது ஆளைக் கைவிட்டிருக்குமா அது? காத்தும் விடும், ஆளையும் தாங்கும்."

அது சரிதான். காற்றை முழுதாக அடைக்கும் துணி பாராசூட்டைத் தாறுமாறாக ஆட்டிவிடும். இழைகளின் நடுவே கொஞ்சம் கசியவிட்டால்தான் ஆள் ஆடாமல் இறங்க முடியும்.

"ஆர்டர் போனா, தைக்கிறவங்களை வீட்டுக்கு அனுப்பணும், லட்சுமி."

மதுமதி போனை வாங்கினாள்.

"அம்மா, ஓரத்துல மட்டும் வெட்டச் சொல்றேன்."

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? அந்த ஆபீஸ்ல நாங்க மெஷின் ஓட்ட ஓட்ட, நீ தூங்கின தூளிடி அது!"

"தெரியும்மா. நடுவுல கைவைக்க விடுவேனா? நாலு மாசத்துல அதுல இன்னொரு ஆள் ஏறணுமே!"

"சரி, சின்னத் துண்டா வெட்டச் சொல்லு."

கனகராஜ் மறுபடி நிமிர்ந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார்.