கேமரா திறக்காத மாணவன்

இணைய வகுப்பில் மாணவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் விரிவுரையாளர் மோகனா. அவர் வகுப்புக்கு ஒருநாளும் தவறாமல் வருகிறவன் சிவநேசன். கேமராவை மட்டும் திறக்கமாட்டான். கேட்டதற்கெல்லாம் எழுத்தில் பதில் அனுப்புவான்.

அவனைப் பேட்டி காண ஆயர் ஈத்தாமில் உள்ள வீட்டுக்கே போனார். அவன் அம்மா நவமணி கதவைத் திறந்தார்.

"சிவநேசனைப் பார்க்கணும், அக்கா."

"அவன் மோட்டார் ஆக்சிடென்ட்ல தவறி நாலு மாசமாச்சு, டீச்சர்."

"நேத்துகூட வகுப்புல பதில் அனுப்பினானே!"

"நான்தான் லா அனுப்பினேன். புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படிச்சு எழுதுறேன்."

"எதுக்கு அக்கா?"

"வரலைன்னா பட்டியல்ல இருந்து அவன் பேரை எடுத்துடுவீங்க. இந்த வீட்டுல இப்ப யாரும் அவன் பேரைச் சொல்றதில்ல. நீங்க மட்டும்தான் ஒவ்வொரு வகுப்புலயும் அவன் உசுரோட இருக்கிற மாதிரி கூப்பிடுறீங்க."