சொல்லாத ஆமென்

அவள் ஆமென் சொல்லவில்லை.

அவர் ஜெபத்தை முடித்துவிட்டு, ஒரு மூச்சு இழுத்து, காத்திருந்தார்.

பாயில் இருவரும் எதிரெதிரே முழங்காலில். கண்களை மூடியிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. வராந்தாவில் மூப்பர் சிர்வா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். சபையார் சார்பில் பதில் வாங்கிப் போக வந்தவர்.

கல்யாணமான நாளிலிருந்து மாலை ஜெபத்தில் இப்படி நடந்ததே இல்லை.

சண்டை நடந்திருக்கிறது. அந்த வீட்டில் சண்டையே ஜெபத்தில்தான். நேருக்கு நேர் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்லிவிடுவது. பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தால் அது அவர் பாடு.

"ஆண்டவரே, உப்பின் அளவை அறியும் ஞானத்தை உமது அடியாளுக்குத் தாரும்" என்பார் அவர்.

மறுநாள் அவள் முறை. "போட்டதைக் குறை சொல்லாமல் தின்கிற நாவை உமது அடியானுக்குத் தாரும்."

ஆனாலும் அவர் ஜெபத்துக்கு அவளும், அவள் ஜெபத்துக்கு அவரும் ஆமென் சொல்லிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது.

சொன்ன கையோடு அவள் எழுந்து கையை நீட்டுவாள். அதைப் பிடித்தால்தான் அவரால் எழும்ப முடியும். முழங்கால் அப்படி.

இன்றைக்கு அவர் ஜெபித்தது இது:

"கர்த்தாவே, இந்தச் சபையார் எங்களை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லுகிறார்கள். நானும் உமது அடியாளும் உமது சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்கிறோம். இங்கேயே இருக்கிறோம்."

உமது அடியாளும்.

அடியாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்கள். பெட்டி கட்டியாயிற்று. இட்லிக் கொப்பரையை சிர்வாவின் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள். ஆப்பிரிக்காவில், மலாவியில் ஒரு தேயிலை மலையடிவாரத்துச் சபையில் ஊழியம். ஓய்வு பெற்ற போதகருக்கு இவ்வளவு தூரம் எதற்கு என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். அவள் மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஊரில் அவர்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் பியூலா குடியிருக்கிறாள். ஒரே மகள். லேத் பட்டறை வேல்முருகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள்.

அன்றையிலிருந்து அவர் ஜெபத்தில் மகள் பெயர் கிடையாது. மகன் டேனியல், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக வரும். அப்புறம் எச்சில் விழுங்குகிற சத்தம். அப்புறம் உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்காகவும் ஜெபிப்பார்.

காலையில் போனில் பியூலா நெடுநேரம் அழுதாள். பிறகு சிரித்தாள். வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, நீ வந்திருவல்லா?"

ரோட்டில் தேயிலை லாரி ஒன்று முக்கிக்கொண்டு ஏறிப் போனது.

சிர்வா மெல்லக் கனைத்தார்.

அவளுக்குத்தான் காது மந்தமோ என்று நினைத்தாரோ என்னவோ, போதகர் குரலை உயர்த்தி மறுபடியும் முடித்தார். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

பிதா கேட்டிருப்பார். அவளும் கேட்டாள்.

ஆமென் தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கதோஷம். அதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரே, பியூலா முழுகாம இருக்கா."

எதிரே பாய் சரசரத்தது.

"முன்னே ரெண்டு கலைஞ்சுபோனது இந்த வீட்டுல உமக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ராத்திரி இந்தப் பாயில கிடந்து உம்மகிட்டதான் அழுதேன். டாக்டரம்மா இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பையன் பட்டறையை அடைச்சுப் போட்டுட்டு கஞ்சி வெச்சுக் கொடுக்கான். பெத்தவ நான் இங்க இருக்கேன்."

குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உமது அடியான் உமக்கு வேணும்னா இங்கேயே வெச்சுக்கிடும். நான் ஒண்ணும் சொல்லலை. என்னை அனுப்பிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன்."

கேட்கிறோம் என்றுதான் சொல்வது வழக்கம்.

இப்போது அவர் முறை.

ஆமென் வரவில்லை.

வராந்தாவில் சிர்வாவின் செருப்பு தேய்ந்தது. தமிழ் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. யேசு என்ற பெயர் மட்டும் அவர் பாஷையிலும் யேசுதான். அந்தப் பெயர் வந்தால் ஜெபம் முடிகிறது என்று தெரியும். வீட்டுக்காரர்கள் ஆமென் சொன்னதும் கூடவே தானும் சொல்லுவார். முதல் தடவை யாரும் சொல்லாததால் அவரும் சொல்லவில்லை. இது இரண்டாவது ஜெபம். இதுவும் அந்தரத்தில் நிற்கிறது.

மரியாதை தெரிந்த மனுஷன். எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

இரண்டு கையையும் குவித்து, அந்த ஊர் வழக்கப்படி மெதுவாக இருமுறை தட்டினார்.

"ஆமேனி!"

கோயிலில் சொல்லுகிற மாதிரி, கூரை அதிர.

போகாதீர்கள் என்று கேட்க வந்த ஆள்.

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தாள்.

எதிரே அவர் திறக்கவில்லை. மூடிய இமைக்கு அடியில் ஏதோ அலைந்துகொண்டிருந்தது. எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. உலகத்துப் பிள்ளைகள்தான் அடுத்து வரும் என்று காத்திருந்தாள்.

"எத்தனாவது மாசம்?"

அதை அவர் ஆண்டவரிடம் கேட்கவில்லை.

அவள் எழுந்து, கையை நீட்டினாள்.