குங்குமம் வைத்த முட்டை

“ஏனுங்கப்பா, சார்ஜ் போடற ஓட்டைக்குள்ளயா சந்தனத்தை அப்புவீங்க?”

மகள் கிருத்திகா கேட்டதும் வேலுமணி வேட்டி நுனியால் அந்த ஓட்டையைத் துடைக்கப் பார்த்தார்.

திருச்செங்கோட்டில் முப்பது வருஷமாக ரிக் லாரி வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டவர் அவர். புது வண்டியோ புது மோட்டாரோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் வாசல் தாண்ட விட்டதில்லை. மகள் செய்த மூன்று கருவிகளையும் விடிகாலையில் சாமி முன்னால் வைத்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பிவிட்டார். இரண்டு செத்துப் போய்விட்டன.

“விடுங்கப்பா, ஒண்ணு ஓடுதில்ல. அது போதும்.”

“அதுல வெச்ச பொட்டையாச்சும் துடைச்சுப் போடாத சாமி.”

“இல்லீங்கப்பா” என்று சிரித்துக்கொண்டே பையில் வைத்தாள்.

முட்டை அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. வீட்டில் அதற்குப் பெயரும் முட்டைதான். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் மெதுவாகத் துடிக்கும். அந்தத் துடிப்போடு சேர்த்து மூச்சை இழுத்து விட்டால் படபடப்பு அடங்கும். வந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இரண்டு வருஷம் உட்கார்ந்து செய்திருக்கிறாள். ‘படிச்ச புள்ள பொம்மை செய்யுது’ என்று சொந்தபந்தம் பேசாத பேச்சில்லை.

இன்றைக்கு அதற்கு விடிவுகாலம். சேலத்தில் ஒரு மண்டபம். நாற்பது மருந்துக்கடைகளுக்குச் சொந்தக்காரரான அருணகிரி, ஏழு பேர் கொண்டுவந்த புதுச் சரக்குகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தன் கடைகள் எல்லாவற்றிலும் வைக்கப் போகிறார்.

மேடைக்குப் பின்னால் ஏழு பேரும் காத்திருந்தார்கள். கிருத்திகா ஏழாவதாக, கடைசியாகப் பேச வேண்டும். வேலுமணி மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முதலில் வந்தது மேச்சேரி பாப்பாயி, சத்துமாவுப் பொட்டலத்தோடு. சற்று முன்னால் வாசலில், “எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, நான் ஊட்டுக்கே போறேன்” என்று புலம்பிக்கொண்டிருந்த அதே அம்மாதான். மேடையில் என்ன பேச்சு! சந்தையில் நின்று பேசுகிற மாதிரி சரளமாகப் பேசிவிட்டு மேடைக்குப் பின்னால் இறங்கிப் போனார்.

அடுத்தடுத்து வந்தவர்களும் சோடை இல்லை. ஆறாவதாக வந்த ஓமலூர் குணசீலன், தன்னுடைய முழங்கால்வலிப் பெல்ட்டைப் பற்றிப் பேசி மண்டபத்தையே சிரிக்க வைத்துவிட்டார்.

‘இருக்கட்டும், எம்புள்ள இதுக்கு மேல பேசும்’ என்று வேலுமணி மனசைத் தேற்றிக்கொண்டார்.

‘பதட்டத்தைப் போக்கும் கருவி’ என்று மைக்கில் அறிவித்ததும் கிருத்திகா வந்தாள். கையில் ஒன்றுமில்லை. மைக்கைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

“வணக்கமுங்க... நான் செஞ்சிருக்கறது...”

அதோடு நின்றுவிட்டது பேச்சு.

“தண்ணி குடிச்சுட்டுச் சொல்லும்மா” என்றார் அருணகிரி. “உன்னோட கருவி எங்க?”

“அது... இப்ப எங்கிட்ட இல்லீங்க.”

“விக்க வந்த பொருளையே விட்டுட்டு வந்துட்டியா?”

கிருத்திகா மேடைக்குப் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேலுமணிக்குப் பக்கத்தில் இருந்தவர் உச்சுக் கொட்டினார். “பதட்டத்தைப் போக்கற மிஷினு செஞ்ச புள்ள என்னமா நடுங்குது பாருங்க. யாருங்க அது, உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைங்களா?”

வேலுமணிக்கு மானமே போனதுபோல் இருந்தது.

“தெரியலீங்க” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயெல்லாம் கசந்தது.

அப்போதுதான் மண்டபத்தின் பின்வாசலிலிருந்து குணசீலன் ஓடி வந்தார்.

“மன்னிச்சுக்கங்க, மன்னிச்சுக்கங்க. பேசி முடிச்சுட்டு டீ குடிக்கப் போனவன், இதைக் கையிலயே வெச்சுட்டுப் போயிட்டேனுங்க.”

மேடையேறிக் கையை விரித்தார். முட்டை துடித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் புள்ளயோட பொருள் உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?” என்றார் அருணகிரி.

“பின்னால நிக்கறப்ப எனக்கு நாக்கே மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுங்க. இந்தப் புள்ளதான், ‘இதைப் பிடிச்சுட்டுப் போங்கண்ணா’ன்னு கையில வெச்சு விட்டுச்சு. அது திருப்பி வாங்கறதுக்குள்ள நான் அந்தப் பக்கப் படியில இறங்கிட்டேன்.”

“போட்டிக்கு வந்தவங்களுக்கா குடுத்துச்சு?”

குணசீலன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். வியர்வையில் கரைந்து மஞ்சளும் சிவப்புமாக என்னவோ ஒட்டியிருந்தது.

பேசி முடித்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த பாப்பாயி மெல்ல எழுந்தார். “என்ற கையிலயும் இருக்குதுங்க” என்று வலது கையை விரித்துக் காட்டினார்.

அவருக்குப் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். பேசி முடித்த ஆறு பேரும் கையை விரித்து நின்றார்கள். ஆறு கையிலும் விடிகாலையில் வேலுமணி வைத்த சந்தனமும் குங்குமமும்.

அருணகிரி அந்த ஆறு கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கிருத்திகாவைப் பார்த்து, “மாசம் எத்தனை செஞ்சு குடுக்க முடியும்மா உன்னால?” என்றார்.

மூன்றாவது வரிசையில் வேலுமணி எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவரிடம், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“யாருன்னு கேட்டீங்களே... அது எம்புள்ளைங்க. தெரியலைன்னு சொன்ன நான், அதோட அப்பனுங்க.”