தங்கராசு கேட்ட ஒரு ஆள்

“இந்த ஆபரேசன் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கற ஒரே ஒரு ஆள என் கண்ணுல காட்டு மங்கலம். அப்புறம் உள்ள போறேன்.”

சிதம்பரத்து மருத்துவமனை ஒன்றின் இரண்டாவது மாடியில், பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அடம்பிடித்தார் தங்கராசு. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நடுரோட்டில் டயர் வெடித்தாலும் பதறாத மனிதர். ஆனால் ஆஸ்பத்திரி வாசனை பட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். மனைவி மங்கலத்துக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியபோது மயங்கி விழுந்தது அவர்தான்.

பத்து நாளைக்கு முன் அவருக்குச் சிறுநீரில் ரத்தம் போனது. வலி கிலி எதுவும் இல்லை. உடம்புச் சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடத்தான் பார்த்தார். மங்கலம் விடவில்லை. மறுநாள் காலையிலேயே சொந்த ஊரான குடிகாட்டிலிருந்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்து, யாரிடமும் வழி கேட்காமல் நேராகச் சரியான கவுன்ட்டரில் போய் நின்றாள். ஸ்கேனில், மூத்திரப்பைக்குள் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. அன்றிலிருந்து தங்கராசுக்குச் சோறு இறங்கவில்லை.

“நம்ம லாரி ஷெட்டு ராபர்ட்டுக்கும் கட்டின்னுதான் சொன்னாங்க. ஆறு மாசம் தாங்கல.”

“அவருக்கு ஈரல்ல வந்ததுங்க. இது வேற. வயித்தக் கிழிக்க மாட்டாங்க. முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துப் போயிடும். மூத்திரம் வர்ற வழியிலயே டெலஸ்கோப்ப விட்டுச் சுரண்டி எடுத்துடுவாங்க. ஒரு தையல் கெடையாது.”

“அப்புறம்?”

“ரெண்டு நாளைக்கு டியூப் இருக்கும். மொதல்ல செகப்பாப் போவும், அப்புறம் ரோஸ் கலரு, அப்புறம் தெளிஞ்சிடும். சாயங்காலம் கால்ல எறும்பு ஊர்ற மாரி இருக்கும். பயந்துக்காதீங்க, மரப்பு எறங்குதுன்னு அர்த்தம்.”

“ஒனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?”

“செல்லுல பாத்தேன்.”

“சமையல் பாத்து முடிச்சிட்டு இப்ப ஆபரேசன் பாக்கறியா? செல்லுல ஆயிரம் சொல்லுவான். எனக்கு ஆளக் காட்டு.”

டாக்டர் அருள்மொழி உள்ளே எட்டிப் பார்த்தார். “ஐயா, தியேட்டர் ரெடி. சிகரெட் பழக்கம் இப்ப இல்லதானே?”

“விட்டு நாலு வருசமாச்சு டாக்டர். இவதான் திடீர்னு ஒரு நாளு ஒத்தக் கால்ல நின்னு விட வெச்சா.”

“நல்ல வேல பண்ணாங்க.”

அவர் போனதும் தங்கராசு மறுபடியும் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். மங்கலம் கதவு வழியே வராந்தாவைப் பார்த்தாள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், வடையை டீயில் நனைத்துத் தின்றபடி நர்சிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“அதோ, அந்த மஞ்சச் சட்ட. போன வருசம் அவருக்கு இதே ஆபரேசன். எப்படி இருக்காரு பாருங்க.”

தங்கராசு நன்றாகப் பார்த்தார். மஞ்சள் சட்டை இரண்டாவது வடையை எடுத்தது.

“ஜம்முனுதான் இருக்காரு,” என்றவர், யாரும் கைகொடுக்காமல் தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் டாக்டர் அறைக்கு வந்தார்.

“கட்டிய முழுசா எடுத்தாச்சு. மேலாப்புலதான் இருந்த மாரி தெரியுது. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் உறுதியாச் சொல்றேன். சீக்கிரம் கூட்டிட்டு வந்தாங்களே, அதான் பெரிய விஷயம். ஆனா திரும்பவும் மொளைக்கற ரகம் இது. மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி வந்து டெலஸ்கோப் விட்டுப் பாத்துக்கணும்.”

தங்கராசுக்குக் கால்களில் எறும்பு ஊர்ந்தது. மனசு லேசாக இருந்தது. இட்லி சாப்பிடலாமா என்றுகூடக் கேட்டார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டைக்காரர் ஏணியோடு அறைக்குள் வந்தார்.

“வாங்க வாங்க,” என்றார் தங்கராசு உற்சாகமாக. “மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி டெலஸ்கோப் விடறாங்களாமே, ஜாஸ்தி வலிக்குமா?”

“எனக்கு என்னாங்க தெரியும்? நான் ஜெயப்பிரகாஷ், ஏசி ரிப்பேர் பாக்கற ஆளு. இந்த ஆஸ்பத்திரியில ஒரு ஊசிகூடப் போட்டுக்கிட்டதில்ல.”

அவர் ஏசியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். தங்கராசுவின் முகம் செத்துப் போயிருந்தது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் மங்கலம் பொய் சொல்லி அவர் பார்த்ததில்லை.

“ஏமாத்திப்புட்டியே மங்கலம். அப்படின்னா இதுல பொழச்ச ஆளுன்னு ஒருத்தருமே கெடையாது. அதானே?”

மங்கலம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆளு இருக்குதுங்க. காலையிலயே காட்டியிருந்தா கட்டில்லயே மயங்கி விழுந்திருப்பீங்க. அதான் காட்டல.”

“இப்ப படுத்துதான கெடக்கறேன். காட்டு.”

“நாலு வருசத்துக்கு முன்னாடி, தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு பிச்சாவரம் போயி நாலு நாள் இருந்தேனே, அப்ப நான் படுத்திருந்தது இதே ரூமுலதாங்க,” என்றாள் மங்கலம். “ஆனித் திருமஞ்சனம், மார்கழி தரிசனம்னு தவறாம சிதம்பரத்துக்கு வந்துட்டுப் போறதும் சாமியப் பாக்க மட்டும் இல்ல.”