கீழே பார்க்காத அணில்

கம்பளிப்பூச்சி மொய்த்துவிட்டதென்று முருங்கையை வெட்ட ஆள் வந்துவிட்டான். அதில் குடியிருந்த அணிலோ, எதிர் மாமரத்துக்குத் தாவப் பயந்து கிளை நுனியிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு சந்து. சந்தில் ஒரு நாய்.

"தாவித் தொலையேன்," என்றது மாமரத்தில் உட்கார்ந்திருந்த காகம். "அணிலாப் பொறந்துட்டு இப்படியா பயப்படுவே?"

அப்போது பக்கத்து ஜன்னலுக்குள் டிவியில் கார்ட்டூன் ஓடியது. இரண்டும் எட்டிப் பார்த்தன. ஒரு குண்டு நரி மலை விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் ஹாயாக நடந்தது. கீழே குனிந்து பார்த்த பிறகுதான் தொப்பென்று விழுந்தது.

அணில் துள்ளி எழுந்தது. "காக்கா அண்ணே, விஷயம் இப்பத்தான் புரியுது! கீழே பார்த்தாத்தான் விழுவோம். பார்க்கலேன்னா விழவே மாட்டோம்!"

காகத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட கிறுக்கே, அது பொம்மைப் படம்! தினமும் பறக்கிறவன் சொல்றேன், காத்துல அப்படியெல்லாம் சட்டம் கிடையாது."

முதல் வெட்டு விழுந்தது. முருங்கை ஆடியது. அணில் எதிரிலிருந்த மாவிலையை மட்டுமே பார்த்தபடி பாய்ந்தது. சந்து போனது, நாய் போனது, மாங்கிளை காலடிக்கு வந்துவிட்டது.

"நான்தான் சொன்னேனே அண்ணே!" வாலைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாக ஓடி ஓடிக் கூத்தாடியது அணில்.

"ஏதோ அதிர்ஷ்டம்," என்று முணுமுணுத்துவிட்டுக் காகம் தன் கூட்டுக்குக் கிளம்பியது. பாதி வானத்தில் அதற்கு ஏனோ அந்த நரியின் ஞாபகம் வந்தது.

வீடு போய்ச் சேரும்வரை அது கீழே பார்க்கவே இல்லை.