வீட்டுக்குப் போனவள்

பிலிப்பைன்ஸில், இலோய்லோ ஊர் அரிசி ஆலையின் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும் வேலை, வழக்கம்போல் டிவினாவின் தலையில் விழுந்தது. புதுக் கணினி முதலில் அவள் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினாள். பிறகு பழையதன் முன்னால் உட்கார்ந்து, கோப்புகள் போவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று திரை சொன்னது.

"கிளம்புடி, ஜீப்னி வண்டி போயிடும்," என்றாள் கூட வேலை செய்யும் லூர்தெஸ் அக்கா. "காலையிலேருந்து ஒரே இடத்துல உக்காந்திருக்கே. பேர் சொல்லிக் கூப்பிடலேன்னா உன் உசுரு இங்கேயே தங்கிடும்."

ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது இப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே எல்லாரும் செய்வதுதான். லூர்தெஸ் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்: "டிவினா, வா, வீட்டுக்குப் போலாம்!"

"இதோ வந்துட்டேன்க்கா."

டிவினா இன்னும் வாயே திறக்கவில்லை.

புதுக் கணினியின் முன்னாலிருந்த நாற்காலியிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அதே மஞ்சள் சட்டை. சட்டைக் கையில் மத்தியானம் சூப் சிந்திய அதே கறை. டிவினாவின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா!" என்று டிவினா கத்தினாள். எழுந்திருக்க முடியவில்லை. லூர்தெஸ் திரும்பி, டிவினா இருந்த பக்கம் பார்த்தாள்.

"அந்தப் பழசை ஆஃப் பண்ணிட்டியா?"

"ஐயோ, மறந்துட்டேன்."

பையோடு போனவள் திரும்பி வந்தாள். குனிந்து, டிவினாவின் கண்களை நேராகப் பார்த்தாள்.

"பாவம், நல்லா உழைச்சுது," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள்.